அக்கா கொழும்பில் இருந்த பத்து வாரம்

அந்த வெடிப்புக்குள் அக்காவின் கை மணிக்கட்டு வரைக்கும் போனது. றக்வானைக்கு மேலே, நாங்கள் பிறந்து வளர்ந்த தேயிலைத் தோட்டத்து வரிசை வீட்டில், அந்த லயத்தின் பின்சுவரில், மலைப் பக்கமாக அது பிளந்திருந்தது. தீபாவளிக்கு வந்தபோது அதில் ஒரு விரல்தான் நுழையும். தைப்பொங்கலுக்கு வந்த என்னிடம் கையையே உள்ளே விட்டு, "இங்க பாரு தம்பி, உள்ளுக்குள்ள இருந்து சில்லுனு காத்து வருது" என்று சிரித்துக்கொண்டே காட்டினாள். சுவருக்குப் பின்னால் இருப்பது மலை. மலைக்குள்ளிருந்து காற்று வருகிறது என்றால் என்ன அர்த்தம்? "கையை எடுக்கா!" என்று கத்திவிட்டேன்.

அதிகாரிகள் வந்து பார்த்துவிட்டுத்தான் போயிருந்தார்கள். பெருமழை பெய்தால் கோயில் மண்டபத்துக்குப் போங்கள், விட்டதும் திரும்பி வாருங்கள் என்றார்களாம். புது வீடு வரும் என்றும் சொன்னார்களாம், எப்போது என்று சொல்லவில்லை. அக்காவின் கணவர் இறந்து ஆறு வருடமாகிறது. அவளும் ஒன்பதாம் தரம் படிக்கிற மகளும்தான் அந்த ஒற்றைக் காம்பராவில் இருந்தார்கள். வாடகை கிடையாது. அக்கா கொழுந்து எடுக்கப் போய்க்கொண்டிருக்கும் வரைக்கும் அந்த அறை அவளுக்கு. தோட்டத்தில் அவள் பேரை வெட்டினால் அறையும் போய்விடும். எங்கள் ஆட்களுக்கு நாலு தலைமுறையாக வேலையும் வீடும் ஒன்றுதான், ஒன்றைக் கொடுத்தால்தான் மற்றது. இதெல்லாம் தெரிந்திருந்தும், "எங்கூட கொழும்புக்கு வந்துரு, நான் பார்த்துக்கிறேன்" என்றேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை.

நான் கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு பாமசியில் மருந்து எடுத்துக் கொடுக்கிற வேலை செய்கிறேன். அப்போது ஒரு யாழ்ப்பாணத்து அம்மாவின் வீட்டு மேல்மாடியில், ஒரு கட்டில் போட்டால் நிறைந்துவிடும் அறையில் இருந்தேன். ஒருவர் மூவரானதும் வீட்டுக்கார அம்மா தண்ணீரைச் சொன்னார், கரண்டைச் சொன்னார், வாடகையை ஏறக்குறைய இரட்டிப்பாக்கினார். கெட்ட மனுஷி இல்லை. "நான் கூட்டிக் கேக்காட்டி, நாளைக்கே கூடத் தாறன் எண்டு வேற ஆள் வந்து நிக்கும் தம்பி. நானும் இந்த வாடகையிலதானே சீவிக்கிறன்" என்றார். வேறு வீடு பார்ப்போம் என்று புரோக்கர் பின்னால் அலைந்தேன். ஓரிடத்தில் ஒரு வருட வாடகையை முன்பணமாகக் கேட்டார்கள். இன்னோரிடத்தில் ஊரைக் கேட்டார்கள். றக்வானை என்றதும், "தோட்டமா? சொந்தக்காரங்க ஒவ்வொருத்தரா வந்து நிப்பாங்களே" என்று கதவைப் பாதி சாத்தினார்கள்.

கொழும்பில் வாடகை ஏன் இப்படி ஏறிக் கிடக்கிறது என்று கேட்டால் ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். சீமெந்து விலை என்பார்கள், டொலர் என்பார்கள், வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு நாள் வாடகைக்கு விடுகிறார்கள் என்பார்கள். எல்லாம் சரியாகவே இருக்கட்டும். கதவு கதவாக ஏறி இறங்கியவன் நான், நான் கண்ட காரணம் வேறு. வேலையையும் ஆஸ்பத்திரியையும் நல்ல பள்ளிக்கூடத்தையும் ஓரிடத்தில் குவித்துவிட்டால் எல்லோரும் அங்கேதான் வந்து முட்டுவோம். அதில் திரும்பிப் போக நல்லதொரு வீடு இருக்கிறவன் பேரம் பேசுவான், பிடிக்காவிட்டால் எழுந்து போவான். போக இடமில்லாதவன் கேட்டதைக் கொடுப்பான். வீட்டுக்காரருக்கு அது நம் முகத்தைப் பார்த்தவுடனே தெரிந்துவிடுகிறது. நாங்கள் கொடுக்கிற வாடகையில் பாதி எங்கள் பயத்துக்கு என்றுதான் நான் நினைக்கிறேன்.

மூன்றாவது வாரம் ஒரு நாள் மத்தியானம் சாப்பிட வந்தவன் படியில் அப்படியே நின்றுவிட்டேன். அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வீட்டுக்கார அம்மாவின் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் அவள் முகத்தில் அப்படியொரு பெருமை. "வாடகையைப் பத்தி இனி யோசிக்காத தம்பி. நான் பேசி முடிச்சிட்டேன். காலையில கூட்டித் தொடைச்சு, சமையலுக்கு ஒத்தாசை. கூட்டிக் கேட்ட காசு வேணாமின்னுட்டாங்க." வேலையைக் கொடுத்தால் வீடு கிடைக்கும் என்பதைத் தவிர வேறெந்த ஒப்பந்தமும் அவளுக்குத் தெரியாது. கொழும்பிலும் அதையே போய்ச் செய்துவிட்டு வந்திருக்கிறாள். தம்பி என்று ஒருவன் இருந்தால் துணியைப் பிடுங்கி எறிந்திருக்க வேண்டும். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு முதலில் வந்தது வெட்கமில்லை, நிம்மதி. வெட்கம் சோறு உண்ணும்போதுதான் வந்தது.

அதற்குப் பிறகு அக்கா பேசும் சத்தமே குறைந்துபோனது. கீழே கதவு திறந்தால் பேச்சை நிறுத்திக் காது கொடுப்பாள். ஒரு முறை நல்ல காய்ச்சல். பாமசியிலிருந்து மருந்து கொண்டுவந்து கொடுத்து, படுத்திரு என்றேன். வீட்டுக்கார அம்மா வாசலில் வந்து நின்று, "ஏலாதெண்டா படுங்கோ, பரவாயில்லை. நாளைக்கு ஆக்கள் வருகினம், அதுதான் யோசிக்கிறன்" என்று மெதுவாகத்தான் சொன்னார். அக்கா எழுந்துவிட்டாள். நான் கையைப் பிடித்தபோது, "விடு தம்பி, நம்மள வேணாமின்னுட்டாங்கன்னா எங்க போறது?" என்றாள். தோட்டத்திலும் இதே நடுக்கத்தோடுதான் காய்ச்சலில் மலையேறுவாள்.

மகளுக்கு வேறு இங்கே பள்ளிக்கூடம் கிடைக்கவில்லை. விலாசத்துக்கு ஒரு கடிதம் வேண்டும் என்றார்கள். வாடகைக்கு இருக்கிறார்கள் என்று எழுதிக் கொடுத்தால் நாளைக்குப் பிரச்சினை வரும் என்று வீட்டுக்கார அம்மா பயந்தார். அவருக்கும் பயம், பாருங்கள். பிள்ளை பழைய கொப்பிகளையே புரட்டிக்கொண்டு கட்டிலில் கிடந்தாள். பத்தாவது வாரம் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை போன் எடுத்தார். "மாசம் முடியுறதுக்குள்ள வேலைக்கு வரலைன்னா பேரை வெட்டிருவாங்க. காம்பராவ கேட்டு ரெண்டு குடும்பம் நிக்குது" என்றார். மலையிலிருந்து காற்று வருகிற அந்த அறைக்கும் ஆள் காத்திருக்கிறது!

அப்போதும் அக்கா போவதாகச் சொல்லவில்லை. இரண்டு நாள் கழித்துத்தான் வீட்டுக்கார அம்மா அதைச் சொன்னார். "பிள்ளை சும்மாதானே இருக்கிறா. பாத்திரம் கழுவ அவவையும் அனுப்பி விடுங்கோவன்." அக்கா மேலே வந்து உடுப்புகளை மடிக்கத் தொடங்கினாள். நான் மழையைச் சொன்னேன், சுவரைச் சொன்னேன், காலில் விழாத குறையாகக் கெஞ்சினேன். "அங்க நான் வேலை செஞ்சாப் போதும், இவ பள்ளிக்கூடம் போவா. எம்புள்ள பாத்திரம் கழுவித்தான் ஒரு கூரை வேணுமின்னா, அந்தக் கூரை எனக்கு வேணாம் தம்பி." மறுநாள் காலையில் இருவரையும் இரத்தினபுரி பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். பிள்ளை யன்னலோரம் உட்கார்ந்து கை காட்டினாள். அக்கா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

இப்போது நான் வேறொரு அறையில், வேறொருவருக்கு முன்பைவிடக் கூடுதலான வாடகை கொடுத்து இருக்கிறேன். அது பழைய அறையையும்விடச் சின்னது. வானம் கறுத்தால் பாமசியில் சில்லறையைத் தப்பாக எண்ணிக் கொடுத்துவிட்டு ஏச்சு வாங்குகிறேன்.

நேற்றுப் பின்னேரம் இரத்தினபுரிப் பக்கம் அடைமழை, மண்சரிவு அபாயம் என்று செய்தியில் சொன்னார்கள். கடைக்கு வெளியே ஓடிவந்து அக்காவுக்குப் போன் எடுத்தேன். மண்டபத்துக்குப் போய்விட்டாயா என்று கேட்டேன். நாளைக்குப் பிள்ளைக்குப் பரீட்சை, வீட்டில் படித்துக்கொண்டிருக்கிறாள் என்றாள். "இங்க மழையே இல்ல தம்பி, நல்ல வெயில். நீ பயப்படாம வேலையப் பாரு" என்றாள். அவள் குரலுக்குப் பின்னால் கூரைத் தகரம் இடைவிடாமல் இரைந்துகொண்டிருந்தது. மழை இல்லை என்பதை எனக்குக் கேட்க வைக்க அவள் தொண்டை கிழியக் கத்த வேண்டியிருந்தது. உடனே புறப்பட்டு வா என்று சொல்ல வாயெடுத்தேன். எங்கே வருவது என்று அவள் கேட்டால் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. "சரிக்கா" என்றேன்.