கண்ணில் ஒற்றிய பாட்டில்

போன சனிக்கிழமை நான் வைன் செய்யும் ஒரு திராட்சைத் தோட்டத்தில் வெறுங்காலோடு நின்றேன். கையில் பிளாஸ்டிக் தட்டு. நெற்றியில் விபூதி. ஏன் அங்கே நின்றேன் என்று இன்றுவரை எனக்கே சரியாகப் புரியவில்லை.

தைப்பூச விரதம் இருக்கிறேன். கவுச்சி இல்லை, வேலை நேரம் தவிர செருப்பு இல்லை, குடி வாசமே ஆகாது. எல்லாம் வீட்டுக்காரி சரோஜாவுக்காக. அவள் கழுத்தில் ஒரு கட்டி. பூசம் முடிந்த மறுவாரம் ஆபரேஷன்.

பயப்பட ஒன்றுமில்லை என்கிறார் டாக்டர். சரோஜாவோ இரண்டு வாரமாக எனக்கு ரசம் வைக்கக் கற்றுக்கொடுக்கிறாள். கடுகு எந்த டப்பா, பெருங்காயம் எந்த டப்பா என்று காட்டுகிறாள். அவள் இல்லாத வீட்டுக்குத்தான் இந்தப் பாடமோ என்று பயந்துகொண்டே தலையாட்டுகிறேன்.

இந்த நேரம் பார்த்தா நான் வேலை பார்க்கும் கார்கோ ஷெட்டின் பிக்னிக்கை வைன் தோட்டத்தில் வைக்க வேண்டும்? போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் ஆபரேஷனுக்கு ஒரு வாரம் லீவு தந்தவரே சூப்பர்வைசர் பிரையன்தான். அவர் கூப்பிட்டு எப்படி மறுப்பது?

என் காலைப் பார்த்ததும் பிரையன் முதுகில் தட்டினார். "இப்பத்தான் நீ அசல் கிவி!" இந்த நாட்டுக்காரர்களைக் கிவி என்பார்கள்.

சுற்றிப் பார்த்தேன். பாதிப் பேர் வெறுங்கால்! இந்த ஊரில் விரதம் இருந்தால் முருகனுக்காவது அடையாளம் தெரியுமா?

அங்கே ஒரு விளையாட்டு. டிஸ்க் கோல்ஃப் என்றார்கள். திராட்சை வரிசைகளின் ஓரமாக ஒன்பது கம்பங்கள். ஒவ்வொன்றிலும் இரும்புக் கூடை, அதற்கு மேலே தொங்கும் சங்கிலிகள். தூரத்தில் நின்று வீசும் பிளாஸ்டிக் தட்டு சங்கிலியில் மோதிக் கூடைக்குள் விழ வேண்டும். கடைசிக் கூடையில் ஒரே வீச்சில் போட்டால் தனிப் பரிசு.

முதல் கூடைக்கு நின்றபோது என் மனசு சும்மா இருந்ததா? "முருகா, இது ஒரே வீச்சில் விழுந்தால் சரோஜாவுக்கு நல்லபடியாக முடியும்" என்று நினைத்து வீசிவிட்டேன். தட்டு வளைந்து போய்த் திராட்சைக் கொடியில் மாட்டிக்கொண்டது.

சாமியிடம் பந்தயம் கட்டியிருக்கவே கூடாது. கட்டியாயிற்று... விடவும் முடியவில்லை. எட்டு இடத்திலும் அதே வேண்டுதல். எட்டு இடத்திலும் முதல் வீச்சு தவறியது. ஒன்று முனுசாமி தலையில் பட்டது. ஃபிஜிக்காரர், எங்கள் ஃபோர்க்லிஃப்ட் டிரைவர்.

"அண்ணே, கூடை அங்க இருக்கு. என் தலையில சங்கிலியா தொங்குது?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். மனசுக்குள் மட்டும் தவறியதை எண்ணிக்கொண்டே இருந்தேன்.

ஒன்பதாவது கூடை. கண்ணை மூடினேன். "இதுவரைக்கும் போட்டதெல்லாம் சும்மா, முருகா. இதுதான் கணக்கு."

வீசினேன். ஜல்!

கண்ணைத் திறந்தால் கூடைக்குள் தட்டு. ஆளாளுக்குக் கத்தினார்கள். பிரையன் ஓடிவந்து எதையோ கையில் கொடுத்தார். இரண்டு கையாலும் வாங்கி, பிரசாதம் போலக் கண்களில் ஒற்றிக்கொண்டேன்.

அப்புறம்தான் பார்த்தேன் — வைன் பாட்டில்!

"விரதக்காரர் பண்ற வேலையாண்ணே இது?" முனுசாமி வாயைப் பொத்திக்கொண்டார்.

"உன் மனைவிக்கு" என்றார் பிரையன். என் தோளை அணைத்துக்கொண்டார். அந்தப் பாட்டிலை எப்படித் திருப்பிக் கொடுப்பது?

பாபடோயிட்டோயில் இருக்கும் எங்கள் வீடு வரும்வரை ஒரே குழப்பம். திராட்சையைச் சாமிக்குப் படைக்கிறோம். பஞ்சாமிர்தத்தில் போடுகிறோம். அதே பழம் பீப்பாய்க்குள் போனால் ஆகாது என்கிறோம். எந்த நாளில் அது சாமியை விட்டு விலகுகிறது? நல்ல குறி காட்டிய முருகன் கையோடு ஏன் பாட்டிலையும் நீட்டினான்? படித்தவர்கள் யாராவது சொல்லுங்களேன்.

"என்னாங்க அது கையில?" வாசலிலேயே சரோஜா.

பந்தயம் உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று தலை குனிந்து நின்றேன்.

"எட்டு தடவை தவறுனதை என்ன பண்ணீங்க?"

"அதெல்லாம்... சும்மா."

"நல்லாருக்கே உங்க நியாயம்!" சிரித்துவிட்டாள். "சாமிப் பக்கம் கொண்டுபோகாதீங்க. கராஜ்ல வைங்க. ஆபரேஷன் முடிஞ்சு நான் வந்ததும் அந்த டாக்டருக்குக் குடுத்துடலாம்."

நான் வந்ததும்! இந்த இரண்டு வாரத்தில் அவள் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததே இல்லை.

என் விரதம் முறிந்ததா, இல்லையா? இன்னும் தெரியவில்லை. அன்று ராத்திரி ரசத்தை மட்டும் நான் வைக்கவில்லை — "நீயே வை" என்று சொல்லிவிட்டேன்.