இரண்டு கோடுகளுக்கு நடுவே

ராஜபாளையத்துத் தனியார் மருத்துவமனை ஒன்றின் தலைக்காய வார்டில் சப்ரீன் முதன்முதலாக மாட்டிய மானிட்டர் திரையைப் பார்த்துவிட்டு டாக்டர் ஞானதுரை, "கோயில் கொடைக்கு சீரியல் லைட் போட்ட மாதிரில்லா இருக்கு," என்றார். நர்ஸ்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்துவைத்தாள். ஸ்ரீவில்லிபுத்தூர் வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில்தான் அழுகை வந்தது.

நோயாளியின் நிலையைக் காட்டும் மானிட்டர்களுக்குத் திரை வடிவமைப்பது அவள் வேலை. மதுரையில் ஒரு சின்ன கம்பெனி. எதையும் விட்டுவிடக் கூடாதென்று ஒவ்வொரு எண்ணையும் ஒவ்வொரு நிறத்தில் போட்டுத் திரையை நிரப்பியிருந்தாள்.

மறுநாளே திரும்பி வந்தாள். வாரக்கணக்கில் வார்டு மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, யார் எதைப் பார்க்கிறார்கள் என்று கவனித்தாள். அலாரம் ஓயாமல் அடித்தது, பாதி ஒன்றுமில்லாததற்கு. மூத்த நர்ஸ் வெங்கடேஸ்வரி எதையோ கழித்துக் கணக்குப் போட்டு உள்ளங்கையில் எழுதிக்கொண்டிருந்தார்.

"என்னக்கா கழிக்கீங்க?"

"ரத்த அழுத்தத்துலருந்து மண்டைக்குள்ள இருக்க அழுத்தத்தைக் கழிக்கேன். மிச்சம்தான் மூளைக்கு ரத்தத்தைத் தள்ளும். டாக்டர் அதைத்தான் முதல்ல கேப்பாரு."

சப்ரீன் எண்களை ஓரத்துக்குத் தள்ளினாள். நடுவில் இரண்டே கோடுகள்: மேலே ரத்த அழுத்தம், கீழே மண்டை அழுத்தம். இடைவெளி முழுக்க வெளிர்நீலம். நீலம் குறுகினால் மூளைக்கு ரத்தம் குறைகிறது என்று அர்த்தம்.

"இம்புட்டுத்தானா?" என்றார் கம்பெனி முதலாளி.

"இம்புட்டுத்தான் சார்."

மருத்துவமனையின் அனுமதியோடு, ஒரு கட்டிலில் பழைய மானிட்டருக்குப் பக்கத்திலேயே புதிய திரையை மாட்டினார்கள். செண்பகத்தோப்புப் பக்கம் தென்னையிலிருந்து விழுந்த சிவபாண்டி அந்தக் கட்டிலில் மயக்கமாகக் கிடந்தார். ஒரு மத்தியானம், எதிர்க் கட்டிலில் வேலையாக இருந்த வெங்கடேஸ்வரி நிமிர்ந்து பார்த்தார். அலாரம் எதுவும் அடிக்கவில்லை. எந்த எண்ணும் வரம்பைத் தாண்டவில்லை. ஆனால் நீலம் காலையிலிருந்து மெல்ல மெல்ல ஒடுங்கியிருந்தது.

"ஏட்டி சப்ரீன், இதைப் பாரு," என்றவர், அவள் பதிலுக்குக் காத்திராமல் டாக்டருக்குப் போன் போட்டார்.

ஸ்கேனில், மண்டைக்குள் இருந்த ரத்தக்கட்டு பெரிதாகியிருந்தது. உடனே ஆபரேஷன். வெளியே சிவபாண்டியின் மனைவி நாகஜோதி பக்கத்தில் சப்ரீன் உட்கார்ந்திருந்தாள். நாகஜோதியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சாயங்காலம் ஞானதுரை வெளியே வந்தார். "பொழச்சுக்கிடுவாரும்மா," என்று நாகஜோதியிடம் சொல்லிவிட்டு, சப்ரீன் பக்கம் திரும்பினார். "அலாரம் அடிக்கட்டும்னு இருந்தா நேரம் தப்பியிருக்கும். எல்லா பெட்டுக்கும் இதையே மாட்டிரு."

வீட்டுக்குக் கிளம்பும் நாளில் சிவபாண்டி சுவரைப் பிடித்தபடி தானே நடந்து ஆட்டோவுக்கு வந்தார்.

"இனிமே மரத்துப் பக்கம் போனீகன்னா பாருங்க," என்றாள் நாகஜோதி.

"மரம் ஏறாம வேற என்னட்டி செய்ய?"

ஆட்டோ கிளம்பிய பிறகும் சண்டை கேட்டது. சப்ரீன் வாய்விட்டுச் சிரித்தபடி, அடுத்த கட்டிலுக்கான திரையைத் தூக்கிக்கொண்டு படியேறினாள்.