ஒன்பதாம் அடுக்கில் மூன்று கட்டம்

நெய்யூரில் ஆஸ்பத்திரிக்குப் போகிற சாலையில் தையல்கடை வைத்திருக்கும் ஜினிஷாவுக்கு முப்பத்தொன்பது வயது. கணவன் ஸ்டெனிக்கு மஸ்கட்டில் ஏசி பழுது பார்க்கும் வேலை. வருஷத்துக்கு ஒரு மாதம் லீவில் வருவான். கல்யாணமாகிப் பதினான்கு வருஷம் ஆனபோது அவர்களுடைய போன் பேச்சு "சாப்பிட்டியளா?", "நீ சாப்பிட்டியா?" என்பதோடு முடிந்துவிடும். சண்டையெல்லாம் கிடையாது. சொல்வதற்குப் புதிதாக ஒன்றும் இருக்காது, அவ்வளவுதான்.

ஸ்டெனிக்கு 'பாதாள வாசல்' என்ற கம்ப்யூட்டர் விளையாட்டில் பைத்தியம். தரைக்கடியில் அடுக்கடுக்காக இருட்டறைகள், பூதங்கள், புதையல்கள். முதல் இரண்டு பாகங்களையும் தனியாகவே ஆடி முடித்தவன். மூன்றாம் பாகத்தில் இரண்டு பேர் சேர்ந்துதான் இறங்க முடியும். அறைக் கூட்டாளிகள் யாருக்கும் அதில் விருப்பமில்லை. அவன் ஜினிஷாவைக் கூப்பிட்டான்.

"வீட்டுல பழைய லேப்டாப் சும்மா கெடக்குல்லா? நீ வில்லு பிடிச்சா போரும்."

"எனக்கு ஊசி பிடிக்கதுக்கே நேரமில்ல. இதுல பூதத்தப் பிடிக்கணுமா?"

ஆனாலும் சம்மதித்தாள். அவனுக்கு விடுமுறை வெள்ளிக்கிழமை. அன்று மதியத்துக்கு மேல் அவள் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு லேப்டாப்பைத் திறப்பாள். முதல் வாரம் பதினொரு தடவை செத்தாள். இரண்டாம் வாரம் பூதத்துக்கு விட்ட அம்பு ஸ்டெனியின் முதுகில் ஏறியது. "ஏட்டி, நான் ஒனக்க மாப்பிள!" என்று அவன் கத்தினான். இரண்டு பேரும் மூச்சுமுட்டச் சிரித்தார்கள்.

இந்தப் பாகத்தில் வரைபடம் கிடையாது. ஸ்டெனி ஞாபகத்தை நம்பிப் போய், வந்த இடத்துக்கே திரும்பத் திரும்ப வந்தான். ஜினிஷாவுக்குப் பொறுக்கவில்லை. அளவு வரைகிற பழுப்புக் காகிதத்தை விரித்து, ஓர் அடிக்கு ஒரு கட்டம் என்று வரைந்துகொண்டே வந்தாள். எட்டு அடுக்குகள் அப்படியே சுலபமாகக் கடந்துபோயின.

ஒன்பதாம் அடுக்கில் கீழே இறங்கப் படி இல்லை. மூன்று வெள்ளிக்கிழமை தேடியும் கிடைக்கவில்லை.

"இதுல ஏதோ கோளாறு. விட்டுரலாம்" என்றான் ஸ்டெனி.

அவள் விடவில்லை. வியாழக்கிழமை ஒரு சுடிதாரை வெட்டிக்கொண்டிருக்கும்போது கண் அந்தக் காகிதத்துக்குப் போனது. கத்தரிக்கோலை வைத்துவிட்டு, விரலால் கட்டங்களை எண்ணினாள். இன்னொரு முறையும் எண்ணினாள். மறுநாள் அவன் விளையாட்டில் இணைந்ததுமே சொன்னாள்:

"வடக்கு வராந்தா வெளிய பதினாலு கட்டம் வருது. உள்ள இருக்க ரெண்டு அறையையும் கூட்டினா பதினொண்ணுதான். மூணு கட்டம் குறையுது."

"எண்ணினதுல தப்பிருக்கும்."

"நான் துணி அளக்க தொடங்கி இருவது வருசமாச்சு. குறையுதுன்னா உள்ள எங்கயோ மடிஞ்சு கெடக்குன்னு அர்த்தம். நீங்க அந்த ரெண்டு அறைக்கும் எடையில உள்ள செவுத்த இடிங்க."

அவன் சம்மட்டியை எடுத்தான். ஐந்து அடிக்குச் சுவர் அசையவில்லை. ஆறாவது அடியில் பொலபொலவென்று உதிர்ந்தது. உள்ளே படிக்கட்டு! ஸ்டெனி போட்ட கூச்சலில் மஸ்கட்டில் அறைக்காரர்கள் ஓடிவந்தார்கள். இங்கே ஜினிஷா போட்ட கூச்சலில், சட்டை தைக்கக் கொடுத்திருந்த பழைய நர்ஸ் நேசபாய் பாதி ஷட்டருக்குள் குனிந்து வந்தாள்.

"யாருக்கு என்னாச்சு மக்ளே?"

"ஒண்ணுமில்ல அக்கா, வழி கெடச்சாச்சு!"

கடைசி அடுக்கை மட்டும் லீவு வரைக்கும் ஒத்திவைத்தார்கள். டிசம்பரில் ஸ்டெனி வந்தான். துணி வெட்டுகிற மேசையில் இரண்டு லேப்டாப்புகளையும் அருகருகே வைத்து உட்கார்ந்தார்கள். கிறிஸ்துமஸ் பிளவுஸுக்காக வந்த நேசபாய் முதலில் முகத்தைச் சுளித்தாள். கொஞ்ச நேரத்தில் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டாள்.

"ஏலே ஸ்டெனி, எடது பக்கம் வருது, ஓடு! ஜினிஷா, கண்ணப் பாத்து அடி!"

அம்பு பாய்ந்து, கடைசி அடுக்கைக் காவல் காத்த பாதாளப் பாம்பு சரிந்தது. மூன்று பேரும் கைதட்டினார்கள்.

பண்டிகைத் துணிகள் அப்படியே குவிந்து கிடந்ததால் அந்த வாரம் முழுக்க ஸ்டெனியும் கடையில் உட்கார்ந்து ஹூக் தைத்தான். விளையாட்டையும் மஸ்கட்டையும் பற்றி மனைவியிடம் ஓயாமல் பேசிக்கொண்டே தைத்ததில், நேசபாயின் பிளவுஸில் நாலு ஹூக் தலைகீழாகிப் போனது.