ஒப்படைக்கப் போன துப்பாக்கி

தேர்தல் அறிவித்துவிட்டால் லைசென்ஸ் துப்பாக்கிகளைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். வாக்கு எண்ணி முடிந்ததும் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். போன வாரம் டீக்கடையில் ஒருவர் இந்தச் செய்தியைச் சத்தமாகப் படித்தார். நான் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. அதனால் எழுதுகிறேன்.

எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே. அங்கே பெரிய பண்ணைக்காரர் ஒருவர் இருந்தார். எல்லோருக்கும் அவர் ஐயா. பயிர்ப் பாதுகாப்புக்கென்று ஒற்றைக்குழல் துப்பாக்கி வைத்திருந்தார். லைசென்ஸ் அவர் பெயரில். துப்பாக்கி என் மாமா தோளில். கதிர் பால் பிடிக்கும்போது வரப்பில் நின்று மாமாதான் வெடித்துப் பறவைகளை விரட்டுவார். ஐயா அந்தச் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொள்வார்.

மாமா அதற்கு முன் இரண்டு வருஷம் திருச்சி ஜெயிலில் இருந்தவர். மதகில் தண்ணீர்த் தகராறு. ஐயாவின் வயலுக்காக மேலூர்க்காரன் ஒருவன் மண்டையை மண்வெட்டிக் காம்பால் உடைத்தார். உடைக்கச் சொன்னவர் பெயர் வழக்கில் வரவே இல்லை. ஜெயிலிலிருந்து திரும்பியவருக்கு ஐயா புது வேட்டி கொடுத்தார், கூடவே அந்தத் துப்பாக்கியையும்.

நான் ஐந்தாவது படித்த வருஷம் தேர்தல் வந்தது. துப்பாக்கியை ஸ்டேஷனுக்குத் தூக்கிக்கொண்டு போவது ஐயாவுக்குக் கௌரவக் குறைச்சல். மாமாதான் சைக்கிளில் கிளம்பினார். முன் பாரில் நான். என் மடியில் சாக்கில் சுற்றிய துப்பாக்கி.

"ஆட்டாதடா மாப்ள, எதுத்தாப்புல வர்ற பஸ்ஸு டயரு போயிரப் போவுது" என்று வழியெல்லாம் மிரட்டினார். உள்ளே தோட்டா இல்லை என்பது எனக்கும் தெரியும்.

ஏட்டு லைசென்ஸ் புத்தகத்தைப் பார்த்தார். ரசீது எழுதி, கொண்டுவந்தவர் என்ற இடத்தில் மாமாவிடம் கைநாட்டு வாங்கினார். மாமா ரசீதை என் சட்டைப் பையில் வைத்தார். அப்போதுதான் புதிதாக மாற்றலாகி வந்திருந்த எஸ்.ஐ. உள்ளிருந்து வந்தார்.

"லைசென்ஸ்காரன் நீயா?"

"ஐயாவுதுங்க. நான் அவுங்க பண்ணை ஆளுங்க."

"உன் மேல கேஸு ஏதாச்சும் இருக்கா?"

மாமா பொய் சொல்லியிருக்கலாம். "இருந்துச்சுங்க. ரெண்டு வருசம் உள்ள இருந்து, வெளிய வந்தும் மூணு வருசமாச்சுங்க" என்றார்.

"அடிதடியில உள்ள போனவன் வெளிய வந்து அஞ்சு வருசத்துக்குத் துப்பாக்கியைத் தொடக்கூடாது. தெரியுமில்ல?"

"உங்ககிட்ட குடுக்கத்தானேங்க தொட்டேன்?"

ஏட்டு சிரித்துவிட்டார். எஸ்.ஐ. சிரிக்கவில்லை. மாமாவைச் சட்டையைக் கழற்றி உட்காரச் சொன்னார். மாமா என்னிடம், "மாப்ள, ஐயாவ வந்து ஒரு வார்த்தை சொல்லச் சொல்லு. அது போதும்" என்றார்.

ஊர்வரைக்கும் ஓடினேன். ஐயா சாப்பிட்டுக் கைகழுவிக்கொண்டிருந்தார்.

"பழைய கதையெல்லாம் எதுக்குடா பேசுனான், கூறுகெட்ட பய?" என்றவர், "ரசீது குடுத்தானா?" என்று கேட்டார்.

எடுத்தேன். கேட்காமலே, மாமா பெயர் உட்பட ஒரு எழுத்து விடாமல் படித்துக் காட்டினேன்.

"நல்லா படிக்கிறியே. குடு. நீ வூட்டுக்குப் போ, நான் பாத்துக்கறேன்."

அவர் ஸ்டேஷன் பக்கமே போகவில்லை. மாமா துப்பாக்கியோடு வாய்க்கால் கரையில் பிடிபட்டதாக வழக்கு எழுதினார்கள். ஐயா கோர்ட்டுக்கு வந்தார், தனக்குத் தெரியாமல் எடுத்துப் போய்விட்டான் என்று சொல்வதற்கு. மாமாவுக்கு ஒரு வருஷம். துப்பாக்கி ஐயா வீட்டுக்கே திரும்பியது.

சட்டம் தப்பு என்று நான் சொல்லவில்லை. மண்டையை உடைத்தவன் கையில் துப்பாக்கி கூடாது, சரி. உடைக்கச் சொன்னவன் கையில் இருக்கலாமா? தெரிந்தே எடுத்துக் கொடுத்தவனும் குற்றவாளிதான் என்று பிற்பாடு ஒரு வக்கீல் குமாஸ்தா சொன்னார். அந்த வரி மட்டும் அன்றைக்கு யார் கண்ணிலும் படவில்லையா? இத்தனை வருஷம் கழித்தும் வயிறு எரிகிறது.

தீர்ப்புக்கு முன்னால் ஒருநாள், கோர்ட்டு வேப்பமரத்தடியில் மாமா என்னை அருகில் கூப்பிட்டார்.

"மாப்ள, அன்னைக்கு உன் பையில வச்சேனே, அந்த ரசீது எங்கடா?"

"ஐயாகிட்டயே பத்திரமா குடுத்துட்டேன் மாமா."

மாமா விலங்கு மாட்டிய இரண்டு கையாலும் என் தலையைத் தடவி, "நல்லதுடா" என்றார். பக்கத்தில் நின்ற அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். மாமாவே நல்லது என்று சொன்ன பிறகு இவள் எதற்கு அழுகிறாள் என்று எனக்குக் கோபம் வந்தது.