மையம் நகர்ந்த ரவுண்டானா

ஐந்து சாலைகள் முட்டிக்கொள்ளும் அந்தச் சந்திப்புக்கு ரவுண்டானா போடும் வேலை, சாலை வடிவமைப்பு அலுவலகத்தில் ‘திருத்தம்’ என்று எல்லாரும் கூப்பிடும் பெண் பொறியாளரின் மேசைக்குத்தான் வந்தது. ஒரு கோடு மயிரிழை பிசகினாலும் “சின்னதா ஒரு திருத்தம்” என்று வரைபடத்தைத் திருப்பி அனுப்புகிறவள் என்பதால் கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர் அது. அவளும் அதற்குத் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டாள்.

சாலைகளின் நடுக்கோடுகளைக் கணினியில் இழுத்தாள். அவை சந்தித்த புள்ளியையே மையமாக வைத்து வட்டம் போட்டாள். பிறகு மென்பொருளில் இருந்த பேருந்தை எடுத்து ஓட்டிப் பார்த்தாள். சக்கரங்கள் போகும் தடம் திரையில் பச்சையாக விரிந்து, மூலையில் இருந்த கடைவரிசைக்குள் நுழைந்துகொண்டு போனது. அந்த வரிசையின் முதல் கடை அவள் அக்காவின் தையல் கடை.

“அந்தக் கடைங்கள எடுத்துட்டா வட்டம் தாராளமா உக்காரும்,” என்றார் தலைமைப் பொறியாளர்.

“சார், அதுல ஒண்ணு எங்க அக்கா கடை. வேற யாராவது வந்து சொல்றதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன். இந்த வேலைய வேற ஆளுக்குக் குடுக்கறதுன்னா குடுங்க. ஆனா கடைய இடிக்காமலே வழி இருக்கும்னு தோணுது.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “தோணுறதெல்லாம் ரோடு ஆகாதும்மா. போட்டுக் காட்டுங்க. ஒவ்வொரு கோட்டையும் நானே சரிபார்ப்பேன்.”

விஷயம் கேட்ட அக்காவோ தையல் இயந்திரத்திலிருந்து காலை எடுக்காமல், “கடை போனா போகுதுடி. எனக்காகப் போய் உன் பேரைக் கெடுத்துக்காத,” என்றாள்.

அலுவலகத்தில் அவள் வட்டத்தைச் சுருக்கினாள், கார்கள் வேகம் குறைக்காமல் நேராகப் பாயும்படி ஆனது. முட்டை வடிவமாக்கினாள், பேருந்து திரும்ப முடியாமல் மாட்டிக்கொண்டது. வரைந்ததை அழித்து அழித்து விரல் ஓய்ந்தபோதுதான், சாலைகள் சந்திக்கும் இடத்தில்தான் மையம் இருக்க வேண்டுமா என்று அவளுக்கு உறைத்தது. எதிர்ப்பக்கம் பயனற்றுக் கிடந்த அரசு நிலத்தை நோக்கி மையத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினாள். பச்சைத் தடம் கடைகளை விட்டு விலகியது. சாலைகள் நுழையும் முன் லேசாக வளைந்ததால் வண்டிகளும் வேகத்தைக் குறைத்தாக வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சந்திப்பில் அதே அளவுக்கு மணல் மூட்டைகளை அடுக்கி நிஜப் பேருந்தை ஓட்டச் சொன்னார்கள். பின்சக்கரம் மூட்டைகள் மேல் ஏறி இறங்கியது. இரண்டு மூட்டை வெடித்து மணல் கொட்டியது. வேடிக்கை பார்த்தவர்கள் கைதட்டிச் சிரித்தார்கள். அவளுக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. ஆனாலும் அளவு நாடாவை எடுத்துக்கொண்டு பேருந்துக்குக் கீழேயே தவழ்ந்து போனாள்.

“என் தப்புதான் சார். மென்பொருள்ல இருந்த பஸ்ஸ அப்படியே நம்பிட்டேன். புது பஸ்ஸுக்கு சக்கரங்களுக்கு நடுவுல தூரம் ஜாஸ்தி.”

“இப்ப என்ன பண்ணப்போறீங்க?”

“திருத்தம்தான் சார்.”

அவர் முதல்முறையாகச் சிரித்தார்.

அளந்த கணக்கை ஏற்றி மறுபடி வரைந்தாள். நடுத்திட்டின் ஓரத்தைத் தாழ்வாகச் சரித்தாள். பேருந்தின் பின்சக்கரம் மட்டும் அதில் ஏறிப் போகலாம். நடைபாதையையும் தள்ளிப் போட வேண்டியிருந்தது. அந்தக் கோடு தையல் கடையின் வாசல்படியை வெட்டிக்கொண்டு ஓடியது. அவள் அந்தக் கோட்டை நகர்த்தவில்லை.

தலைமைப் பொறியாளர் கோடு கோடாகப் பார்த்துவிட்டு அந்த இடத்தில் விரலை வைத்தார். “இத அக்காகிட்ட யார் சொல்றது?”

“நான்தான்.”

சொன்னாள். அக்கா குதிகுதி என்று குதித்தாள். “கடையக் காப்பாத்துறேன்னு வந்து என் படியவா பேத்து எடுக்கற?” பத்து நாள் பேச்சுவார்த்தை கிடையாது.

இரண்டாம் முறை பேருந்து ஒரு மூட்டையைக்கூட உரசாமல் சுற்றி வந்தது. ஓட்டுநர் தானாகவே இன்னொரு சுற்றும் சுற்றிக் காட்டினார்.

ரவுண்டானா திறந்த பிறகு ஒரு மாலை அக்காவிடமிருந்து போன் வந்தது. வண்டிச் சத்தம் பலமாகக் கேட்டது.

“எங்கக்கா நிக்கற?”

“ரோட்டுக்கு நடுவுல, ஆளுங்க நிக்கறதுக்குன்னு ஒரு மேடு வச்சிருக்கியே, அதுல. முன்னல்லாம் உயிரக் கையில புடிச்சிட்டு ஓடுவேன். இப்ப நின்னு உனக்குப் போன் பண்றேன் பாரு.”

“அப்ப கோவம் போயிடுச்சா?”

“படி விஷயம் வேற. அது அப்படியேதான் இருக்கு,” என்று சொல்லிவிட்டு, மீதிச் சாலையை அக்கா நிதானமாகக் கடந்தாள்.