மனித முகத் திருக்கையும் எங்கள் அத்தானும்

போன மாதம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு முகம் வந்து இறங்கியது. வெள்ளை வெளேரென்ற முகம். இரண்டு குட்டிக் கண்கள், கீழே கோணல் சிரிப்பு. 'பாபநாசம் ஆற்றில் மனித முக ஜந்து! குளிக்கப் போகிறவர்கள் உஷார்!'

அனுப்பியவர் என் அக்காவின் கணவர். ஓய்வு பெற்ற வங்கி மேனேஜர். கையெழுத்தில் ஒரு புள்ளி விலகினாலும் செக்கைத் திருப்பி அனுப்பியவர். வாட்ஸ்அப்பில் வந்தால் மட்டும் எதையும் நம்புவார்!

சிரித்துவிட்டு விட்டிருப்பேன். மறுநாள் அக்கா போன் செய்தாள்.

"ஏலே, அத்தான் ஆடி அமாவாசைக்குப் பாபநாசம் வரமாட்டேங்காவ. அந்தப் படத்தப் பாத்ததுல இருந்து ஒரே பிடிவாதம். போன வருஷம் தவறுன என் மாமனாருக்குக் குடுக்குத மொத ஆடி அமாவாசத் தர்ப்பணம்லா..."

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சாட்சாத் திருக்கை மீன். மல்லாக்கப் போட்டு எடுத்த போட்டோ. எனக்கு எப்படித் தெரியும்? தூத்துக்குடியில் நாலு வருஷம் வேலை பார்த்திருக்கிறேன். நாங்கள் சைவக் குடும்பம்... அதற்கு மேல் கேட்காதீர்கள்.

அத்தானை மேலப்பாளையம் மீன் கடைக்கு அழைத்துப் போனேன். துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு, கண்களை மட்டும் காட்டியபடி வந்தார்.

"பாய், திருக்கை இருக்கா? சாருக்கு அதோட முகத்தப் பாக்கணுமாம்."

கடைக்காரர் ஐஸ் பெட்டியிலிருந்து ஒன்றை இழுத்துப் போட்டார். பட்டம் மாதிரித் தட்டையான உடம்பு, மணல் நிறம், குச்சி வால். புரட்டினார். அதே முகம்! அத்தான் ஓரடி பின்னால் போனார்.

"பயப்படாதீங்க அண்ணாச்சி. இது கண்ணு இல்ல, மூக்கு. கண்ணு மேலல்லா இருக்கு" என்று மறுபடி புரட்டினார் பாய். "கண்ணுக்குப் பின்னாடி ரெண்டு ஓட்ட தெரியுதா? மண்ணுல பொதஞ்சு கெடக்கையில இது வழியாத்தான் தண்ணிய இழுக்கும். இந்த ஜாதிக்கு வால்ல கொடுக்கு கெடையாது. குட்டியும் போடாது, முட்டதான். தோல் பை மாதிரி இருக்கும், நாலு மூலையிலயும் கொம்பு."

"ஆத்துக்கு வருமா?" துண்டுக்குள்ளிருந்து கேள்வி.

"ஆழக்கடல் மீனு அண்ணாச்சி. நல்ல தண்ணியில விட்டா செத்துப்போகும்."

நண்டும் இறாலும் மணலுக்குள் ஒளிந்தாலும், அவற்றின் உடம்பில் ஓடும் துளி மின்சாரத்தை வைத்தே பிடித்துவிடும் பிராணி இது. அத்தனை கெட்டிக்காரத்தனம் உள்ளது, ஆறு கடலில் சேரும் புன்னைக்காயலில் நுழைந்து, ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டில் ஏறிக் குதித்து, ரிட்டயர்டு மேனேஜரைக் கடிக்கவா பாபநாசம் வரும்?

திரும்பும்போது ஆட்டோவில் அத்தான் துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். பாதி வழியில் பைய ஆரம்பித்தார்.

"இருந்தாலும் மாப்ள... தண்ணி வேகமா வருதாம்லா?"

"மீன் போய் இப்ப வேகமா அத்தான்?"

என் பக்கம் நெருங்கி உட்கார்ந்தார். பிறகு, டிரைவருக்குக் கேட்காத குரலில்: "எனக்கு நீச்சல் தெரியாது மாப்ள. அப்பா இருக்கிறவரைக்கும் அவுக எறங்குவாவ, நான் படியில நின்னு துணியப் பாத்துக்கிடுவேன். இப்ப நான்லா எறங்கணும்? ஆத்தங்கரையில பொறந்தவன், இத யார்ட்ட சொல்ல?"

கிண்டலுக்குத் தயாராக வைத்திருந்த வாக்கியங்களை எல்லாம் விழுங்கினேன். பயம் என்று சொல்ல ஒரு வார்த்தை போதும். வெட்கம் வந்து வாயை அடைத்துவிட்டால், கடலடி மீனையே மலையடிவாரம் வரை இழுத்து வர வேண்டியிருக்கிறது! நாம் எல்லோரும் அவ்வப்போது செய்கிற காரியம்தானே?

அமாவாசையன்று பாபநாசத்தில் சரியான கூட்டம். அத்தான் என் மணிக்கட்டை இறுகப் பிடித்தபடி இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கினார். அப்பா பெயரைச் சொல்லி எள்ளும் தண்ணீரும் விட்டார். கரையில் அக்கா அழுதுகொண்டிருந்தாள். மூன்று முழுக்குப் போட்டுவிட்டு நிமிர்ந்தார்.

"நீ பக்கத்துல நிக்கேங்கிற தைரியம்தான் மாப்ள."

எனக்கும் நீச்சல் தெரியாது. அதை அந்த நேரத்தில் எதற்குச் சொல்வானேன்?