சத்தத்துக்குக் கட்டம் இல்லை

என் மேசையின் இழுப்பு லாச்சியில் ஒரு பழைய கொப்பி கிடக்கிறது. பச்சை அட்டை, ஓரத்தில் நூலில் கட்டிய குட்டைப் பென்சில். உள்ளே பக்கத்துக்கு ஒரு நாள். இடப்பக்கம் கால் மணிக்கொரு நேரம், மேலே தொலைக்காட்சி அலைவரிசைகளின் பெயர்கள், நடுவே சின்னச் சின்னக் கட்டங்கள். எந்த நேரத்தில் எதைப் பார்த்தீர்களோ அந்தக் கட்டத்தில், வாக்குச் சீட்டில் போடுகிற மாதிரி, ஒரு புள்ளடி போட வேண்டும். தொண்ணூறுகளின் பிற்பகுதியில் இந்தக் கொப்பியை மாத்தளை மாவட்டத்தில் வீடு வீடாகக் கொடுத்து, வாரம் கழித்து வாங்கி வருவதுதான் என் வேலை. தமிழும் சிங்களமும் பேசத் தெரிந்த உக்குவளைப் பெண், நடக்கச் சலிக்காதவள் என்று பார்வையாளர் கணிப்பு நடத்தும் கம்பனியில் எடுத்தார்கள். இரண்டும் உண்மைதான். மூன்றாவதாக, சொன்னதைச் சொன்னபடி செய்கிறவள். அதைத்தான் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை.

அப்போது கொழும்பில் தனியார் அலைவரிசைகள் இரண்டு ஒன்றையொன்று கடித்துக்கொண்டிருந்தன. ஒருவர் ஏழு மணிக்கு ஒரு மருமகளை அழவைத்தால், மற்றவர் ஆறு ஐம்பத்தைந்துக்கே இன்னொரு மருமகளை அழவைப்பார். யாருக்கு எந்த நேரம் என்பதை எங்கள் புள்ளடிகள்தான் தீர்மானித்தன. யார் எதைப் பார்க்கலாம் என்பதை எங்கள் மாவட்டத்தில் மலை தீர்மானித்தது என்பது மட்டும் கொழும்புக்குத் தெரியாது. உக்குவளையில் எங்கள் வீட்டில் இரண்டும் கண்ணாடி போலத் தெரியும். பலாபத்வலையில் உயரமான மூங்கில் கட்டினால் தெரியும். லக்கலப் பக்கம் போனால் எதுவுமே தெரியாது, கொப்பியோடு வந்த என்னைத்தான் வேடிக்கை பார்த்தார்கள். ஆயம்மா இருந்த தேயிலைத் தோட்டம் மலைக்குப் பின்னால் இருந்தது. அங்கே ஓர் அலைவரிசை தெளிவாக வரும். மற்றதில் திரை முழுக்க ஈசல் பறக்கும், சத்தம் மட்டும் சுத்தமாகக் கேட்கும். அந்த மற்றதில்தான் மாலை ஆறரைக்குத் தமிழ்ச் செய்தி.

ஆயம்மா என்றால் வயதானவர் இல்லை. கொழுந்து பறிக்கப் போகிற பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுப் போகும் பிள்ளைக்காம்பராவைப் பார்த்துக்கொள்கிறவரைத் தோட்டத்தில் அப்படித்தான் கூப்பிடுவார்கள். நாற்பதைத் தாண்டியிருப்பார். ஒரு பிள்ளை இடுப்பிலும் இன்னொன்று முந்தானையிலும் தொங்கத்தான் எப்போதும் பேசுவார். கணவர் இல்லை. ஒரே மகன் கொழும்பில் புறக்கோட்டைக் கடையொன்றில் வேலை. கொழும்பில் எங்கே குண்டு வெடித்தாலும் மறுநாள் சுற்றிவளைப்பு நடக்கும், தமிழ்ப் பையன்களை அள்ளிக்கொண்டு போவார்கள். மூன்று நான்கு நாளைக்குள் பெற்றவர்கள் பிறப்பு அத்தாட்சிப் பத்திரத்தோடும் கிராம சேவகர் கடிதத்தோடும் பொலிசில் போய் நின்றால் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். பிந்தினால் தடுப்பு உத்தரவு எழுதிச் சிறைக்கு ஏற்றிவிடுவார்கள். ஆகவே ஆயம்மாவுக்கு அந்தச் செய்தி பொழுதுபோக்கு இல்லை. எந்த வீதியில், எத்தனை பேர் என்று அதில்தான் சொல்வார்கள், வானொலியில் அவ்வளவு விவரம் வராது. சிங்களச் செய்தி கேட்க மாட்டீர்களா என்று ஒருநாள் கேட்டேன். "ஊரு பேரு வெளங்கும் மிஸ். அங்க என்ன ஆச்சுன்னுதான் வெளங்காது" என்றார்.

ஒட்டி ஒட்டிக் கட்டிய தொழிலாளர் வீடுகளின் வரிசையான அந்த லயத்தில் ஒரே ஒரு கறுப்பு வெள்ளைப் பெட்டி, ஆயம்மா வீட்டில். கார் பேட்டரியில் ஓடும். சார்ஜ் இறங்கிவிடும் என்று அரை மணிக்கு மேல் போட மாட்டார். ஆறரைக்கு லயமே வாசலில் கூடும். யாரும் திரையைப் பார்க்க மாட்டார்கள், ஈசலில் என்ன பார்ப்பது? ஒருத்தி முருங்கைக்கீரை உருவுவாள், ஒருத்தி பிள்ளைக்குப் பேன் பார்ப்பாள், ஆயம்மா மட்டும் பெட்டியில் காது ஒட்டுகிற மாதிரி நிற்பார். அங்கே டிவி பார்க்கப் போறோம் என்று யாரும் சொல்வதில்லை. டிவி கேக்கப் போறோம் என்பார்கள். முதல் தடவை கேட்டபோது நான் வாய்விட்டுச் சிரித்தேன். சிரிக்கிற வயசு, வேறென்ன சொல்ல.

கொப்பியைக் கொடுத்து விளக்கியபோது ஆயம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "மிஸ், ஆறரைக்குப் படம் வரல. சத்தம் மட்டுந்தான் வருது. அப்ப பாத்தேன்னு போடலாங்களா?" எனக்குப் பயிற்சியில் சொன்னது பளிச்சென்று ஞாபகம் வந்தது. திரையில் கண்டால்தான் புள்ளடி, பொய்ப் புள்ளடி போட்டால் கொப்பியே செல்லாது. "இல்லங்க ஆயம்மா, பார்த்தா மட்டும் போடுங்க" என்றேன். "சரிங்க மிஸ். இல்லாததை எழுதக் கூடாதுல்ல" என்றார். கடவுளே, எவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டார்! ஒரு தடவை எதிர்த்துப் பேசியிருக்கக் கூடாதா?

ஒரு வாரம் கழித்துப் போனேன். ஞாயிற்றுக்கிழமைப் படத்துக்கு, தெளிவான அலைவரிசையில், இரண்டு புள்ளடி. மற்ற நாளெல்லாம் வெறுமை. கடைசிப் பக்கத்தின் அடியில் மட்டும் அழுத்தி அழுத்தி ஒரு வரி எழுதியிருந்தார்: தினமும் ஆறரைக்குக் கேட்டோம், பதினாலு பேர். அச்சடித்த இடத்துக்கு வெளியே எழுத்து இருந்தால் மேலாளர் என்னைத்தான் காய்ச்சுவார். பஸ் நிற்கும் இடத்தில் கொப்பியை மடியில் வைத்து, என் அழிறப்பரால் அந்த வரியை அழித்தேன். தாள் பஞ்சு பிரிந்து வெளுத்துப்போனது. அந்தத் தோட்டத்தின் மற்ற லயங்களுக்குக் கொடுத்த ஐந்து கொப்பிகளிலும், நான் சொல்லிக்கொடுத்தபடியே, ஆறரைக் கட்டம் காலி.

சும்மா சொல்லக் கூடாது, மேலாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுத்தான் பார்த்தேன். "சார், மலைக்குப் பின்னால சத்தம் மட்டும் கேக்கிறாங்க." அவர் பேனாவைக் கீழே வைக்கவே இல்லை. "அதுக்கு ரேடியோ சர்வே இருக்கு" என்றார். ரேடியோ சர்வேக்காரியிடம் போனால், அது ரேடியோ இல்லையே என்றாள். அதோடு நானும் வாயை மூடிக்கொண்டேன். எனக்கு அந்த வேலை வேண்டியிருந்தது.

சில மாதத்தில் ஒரு அலைவரிசை தன் பெரிய நாடகத்தை ஆறரைக்குக் கொண்டுவந்தது. மற்றது சும்மா இருக்குமா? தானும் ஒரு நாடகத்தை அதே நேரத்தில் மோதவிட்டது. தமிழ்ச் செய்தி பின்னேரம் நான்கு மணிக்குப் போனது. மலைப் பக்கத்தில் ஆறரைச் செய்திக்கு ஆளே இல்லை என்று கணிப்பு சொன்னதாம். நான்கு மணிக்கு ஆயம்மா பிள்ளைக்காம்பராவில் இருப்பார், பெண்கள் பறித்த கொழுந்தை நிறுக்க மடுவத்தில் வரிசையில் நிற்பார்கள். பெட்டியைப் போட லயத்தில் ஒரு குஞ்சும் இருக்காது.

அந்த வருடமே கொழும்பில் குண்டு வெடித்தது, புறக்கோட்டையைச் சுற்றிவளைத்தார்கள். உக்குவளையில் எங்கள் பக்கத்து வீட்டு ஓய்வுபெற்ற தபால்காரர் நான்கு மணிச் செய்தியில் தன் மகன் இருந்த வீதியின் பெயரைக் கேட்டார். மறுநாள் விடிந்ததும் கிராம சேவகரிடம் ஓடி, கடிதம் வாங்கி, கொழும்பு போய், மூன்றாம் நாள் மகனைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். எங்கள் வீட்டுக்கும் கேக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அதே வீதியில், அதே லொறியில் ஏற்றப்பட்ட ஆயம்மாவின் மகனைப் பற்றி முதலாளி எழுதிய கடிதம் தோட்டத்துக்கு வந்து சேர பதினொரு நாள். ஆயம்மா பத்திரங்களோடு போய் நின்றபோது, ஆள் இங்கே இல்லை, மாற்றியாச்சு என்று சொல்லிவிட்டார்கள். இது எனக்கு அடுத்த சுற்றுக் கொப்பி கொடுக்கப் போனபோதுதான் தெரிந்தது.

பிள்ளைக்காம்பரா வாசலில், வழக்கம்போல இடுப்பில் ஒரு பிள்ளையோடு எல்லாவற்றையும் சொன்னார். அழுதிருந்தாலும் திட்டியிருந்தாலும் தாங்கியிருப்பேன். புதுக் கொப்பியை வாங்கி, பக்கங்களைப் புரட்டி, ஆறரைக் கட்டத்தில் விரலை வைத்துக்கொண்டு கேட்டார். "போன தடவ நீங்க சொன்ன மாதிரியேதானே மிஸ் போட்டேன்? நான் ஏதும் தப்பா போட்டதால நேரத்த மாத்திட்டாங்களோன்னு யோசிச்சிக்கிட்டே இருக்கேன்." இல்லை, நீங்கள் சரியாகத்தான் போட்டீர்கள் என்றேன். அந்த வரியை அழித்ததைச் சொல்லவில்லை.

ஆறு கொப்பிக்காகக் கொழும்பு மனம் மாறியிருக்காது என்று எனக்கு நானே பல தடவை சொல்லிவிட்டேன். அது உண்மையாகவும் இருக்கலாம். மகன் இரண்டரை வருடம் கழித்து வந்தான், ஒரு காது கேட்காமல். ஆயம்மா அவனோடு வவுனியாப் பக்கம் போய்விட்டார் என்றார்கள். எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை, நானும் தேடியிருக்கிறேன். கணிப்பு நடத்திய கம்பனியும் மூடியாயிற்று. போன வாரம் லாச்சியைச் சுத்தம் செய்தபோது, யாருக்கும் கொடுக்காமல் மிஞ்சிய இந்தக் கொப்பி கையில் வந்தது. அதே குட்டைப் பென்சிலால் ஏழு நாளுக்கும் ஆறரைக் கட்டத்தில் புள்ளடி போட்டேன். கடைசிப் பக்கத்தின் அடியில், தினமும் ஆறரைக்குக் கேட்டோம், பதினாலு பேர் என்று அவர் எழுதிய மாதிரியே அழுத்தி எழுதினேன். எழுதி முடித்த பிறகுதான், இதை வாங்கிக்கொள்ள இப்போது யாரும் இல்லை என்று ஞாபகம் வந்தது.